உயர்நிலை ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு கற்பது எப்படி?

ஆங்கிலச் சொல்லின் எதிரே ஒரேயொரு தமிழ்ப் பொருளை எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம், எளிய சொற்களுக்குப் போதுமானதாக இருந்தாலும், உயர்நிலைச் சொற்களில் நம் காலை வாரிவிடும். ‘மிட்டிகேட்’ என்பதற்குத் ‘தணித்தல்’ என்று பொருள் எழுதிக்கொள்கிறோம். தமிழில் தாகத்தையும் தணிக்கலாம், கோபத்தையும் தணிக்கலாம். ஆங்கிலத்திலோ தாகத்துக்குக் ‘குவென்ச்’ என்று வேறு சொல் இருக்கிறது. சினங்கொண்டவரை அமைதிப்படுத்தப் ‘பேசிஃபை’ இருக்கிறது. ‘மிட்டிகேட்’ பெரும்பாலும் இடர், சேதம், பாதிப்பு ஆகியவற்றின் கடுமையைக் குறைப்பதற்கே வருகிறது. ஆகவே, ஒரு சொல்லைக் குறிக்கும்போதே, அதனோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் இரண்டு மூன்று சொற்களையும் ஆங்கில–ஆங்கில அகராதியில் தேடி எழுதிக்கொள்ள வேண்டும்.

எந்தச் சொற்களைக் கற்பது என்பதில் பேராசை வேண்டாம். உயர்கல்விக்காகப் படிப்பவர்கள், 2000ஆம் ஆண்டில் மொழியியலாளர் ஏவெரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்த தொகுதிகள்) கொண்ட கல்விசார் சொற்பட்டியலிலிருந்து தொடங்கலாம். மற்றவர்கள், தம் வாசிப்பில் இரண்டாம் முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

வேர்ச்சொல்லை அறிவது பெரிய துணை. பேசுதலைக் குறிக்கும் ஓர் இலத்தீன் வேரிலிருந்தே நாவன்மை மிக்கவரைக் குறிக்கும் ‘எலக்வென்ட்’, ஓயாது பேசுபவரைக் குறிக்கும் ‘லொக்வேஷஸ்’, பேச்சுவழக்கைக் குறிக்கும் ‘கலோக்வியல்’ ஆகிய மூன்றும் பிறந்தன. முதலாவது பாராட்டு, இரண்டாவதில் சற்றே சலிப்பு தொனிக்கும். இந்தத் தொனியை வேர் சொல்லித் தராது. சில இடங்களில் வேர் நம்மைத் திசைதிருப்பவும் செய்யும்: நுணுக்கமான கவனத்தைக் குறிக்கும் ‘மெட்டிக்யுலஸ்’ என்னும் சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘அச்சம்’ என்று பொருள். எனவே வேரைக் கொண்டு ஊகித்த பொருளை அகராதியில் சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

கற்றது தொடக்கத்தில்தான் விரைவாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் எழுதினார். அதனால் ஒரே நாளில் இருபது முறை ஓதுவதைவிட, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பார்ப்பது பயன் தரும். இதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்புறத்தில், கற்க வேண்டிய சொல்லின் இடத்தை வெற்றிடமாக விட்டு, நீங்களே அமைத்த ஆங்கில வாக்கியத்தை எழுதுங்கள்; சொல்லும் பொருளும் பின்புறத்தில் இருக்கட்டும். புரட்டுவதற்கு முன் சொல் நினைவுக்கு வந்தால் அட்டை அடுத்த இடைவெளிக்குச் செல்லலாம். வராவிட்டால், மறுநாள் பார்க்க வேண்டிய அட்டைக் கட்டுக்கே அது திரும்ப வேண்டும்.