கெட்டுப்போன பவர் சப்ளையைத் தொடும் முன் மற்றதைப் பாருங்கள்

ரேக்கில் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில், அதாவது அலுவலகத்தின் கணினி, போன், கேமராவையெல்லாம் ஒயரால் இணைக்கும் பெட்டியில், இரண்டு பவர் சப்ளை. ஒன்றில் சிவப்பு விளக்கு எரிகிறது. புதியது டப்பாவோடு வந்துவிட்டது. கழற்ற வேண்டும், சொருக வேண்டும், இரண்டு நிமிட வேலை. ஹாட் ஸ்வாப் என்று பெயர் வைத்ததே ஸ்விட்சை அணைக்காமல் மாற்றலாம் என்பதற்குத்தானே என்பீர்கள். மாற்றலாம்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் மொத்த ஸ்விட்சையும் தாங்கப்போவது நீங்கள் கை வைக்காத அந்த இன்னொரு பவர் சப்ளை. கெட்டதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம், நல்லதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நானும் பார்க்காதவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் பவர் சப்ளை பி செத்துவிட்டதாக அலாரம் வந்தது. ரேக்கின் முன்னால் நின்று படத்தைப் பார்த்து, எந்தப் பக்கம் என்று மனதில் குறித்துக்கொண்டு, பின்பக்கம் போய் அதே பக்கத்தில் இருந்ததைப் பிடுங்கினேன். பின்னால் போனால் இடம் வலமாகும், வலம் இடமாகும் என்பது ஃபேன் சத்தம் சட்டென்று நின்றபோதுதான் உறைத்தது. ஒரு மாடி முழுக்க போன், கேமரா, வைஃபை எல்லாம் அவுட். உடனே திரும்பச் சொருகினேன், ஆனால் ஸ்விட்ச் பூட் ஆகி எழுந்து வரும்வரை அந்த மாடியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதோடு போயிற்றா என்றால் இல்லை, முந்தின வாரம் செய்திருந்த விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பது) மாற்றத்தை சேவ் செய்யாமல் விட்டிருந்ததால் அதுவும் காணாமல் போயிருந்தது. விட்டவனும் நான்தான்.

அதனால் ஸ்க்ரூட்ரைவரைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது, ஸ்விட்சில் லாகின் செய்து ‘ரைட் மெமரி’ அடிப்பது, மாற்றங்களை சேவ் செய்யும் கட்டளை அது. ஸ்விட்சின் அமைப்புகளான கான்ஃபிக்கின் பேக்கப் ஒன்றை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் அணைந்தாலும் கான்ஃபிக்காவது மிஞ்சும்.

அடுத்து, பவர் சப்ளை உண்மையிலேயே செத்துவிட்டதா? சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300-ஐ வைத்துச் சொல்கிறேன், நம் ஊர் அலுவலகங்களில் அதிகம் பார்க்கிற பெட்டி அது. ஒவ்வொரு பவர் சப்ளையிலும் இரண்டு விளக்கு. ஏசி ஓகே என்பது கரண்ட் உள்ளே வருகிறதா என்று சொல்லும், பிஎஸ் ஓகே என்பது உள்ளே வந்ததை மாற்றி வெளியே சரியாகக் கொடுக்கிறதா என்று சொல்லும். முதல் விளக்கு பச்சையாக இருந்து இரண்டாவது சிவப்பாக இருந்தால் பவர் சப்ளை மேல் சந்தேகப்படலாம். ஏசி ஓகே விளக்கே எரியவில்லையா, அவசரப்பட்டு பழியை அதன் மேல் போடாதீர்கள். ஒயர் லூசாக இருக்கலாம், ரேக்குக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சாக்கெட் வரிசையான பிடியூவில் அந்த சாக்கெட் போயிருக்கலாம், மின்பலகையில் எம்சிபி பிரேக்கர் விழுந்திருக்கலாம். வேறொரு நல்ல ஒயரைப் போட்டுப் பாருங்கள். புது பவர் சப்ளைக்கு ஆர்டர் போட்டு இரண்டு வாரம் காத்திருந்து, கடைசியில் ரேக்குக்குப் பின்னால் பெருக்க வந்தவர் கால் பட்டு ஒயர் கழன்றிருந்தது தெரிய வந்த கதையும் உண்டு.

‘ஷோ என்விரான்மென்ட் ஆல்’ என்று கொடுத்தால் எது ஓகே, எது கெட்டது, எத்தனை வாட் என்று வரும். சீரியல் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்பக்கம் போய், ஸ்விட்சின் உடம்பில் அச்சடித்திருக்கும் ஏ, பி எழுத்தை டார்ச் அடித்துப் பார்த்து, விளக்கையும் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் கெட்டதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். சிரிப்பீர்கள், ஆனால் என் கதையைப் படித்துவிட்டீர்கள். ஒன்றன் மேல் ஒன்றாக நாலைந்து ஸ்விட்ச் அடுக்கியிருக்கும் ரேக் என்றால் எந்த ஸ்விட்ச் என்பதிலேயே தவறு நடக்கும், அதற்காகத்தான் முன்னும் பின்னும் எரியும் நீல பீக்கன் விளக்கை வைத்திருக்கிறார்கள், அதை எரியவிட்டுப் பின்னால் போங்கள்.

இப்போது நல்ல பவர் சப்ளைக்கு வருவோம். இரண்டு இருக்கிறது என்பதாலேயே ஒன்று போனால் மற்றது தாங்கும் என்று அர்த்தமில்லை. சும்மா கணினிகளை மட்டும் இணைக்கிற ஸ்விட்ச் என்றால் பிரச்சினை இல்லை. பிஓஇ இருந்தால்தான் தலைவலி. நெட்வொர்க் ஒயர் வழியாகவே போனுக்கும் கேமராவுக்கும் கரண்ட் கொடுப்பது பிஓஇ. 2003-இல் வந்த முதல் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒயர் சொருகும் ஒரு துளைக்கு, 15.4 வாட், 2009-இல் 30 வாட், 2018-இல் வந்ததில் 90 வாட் வரை. ஒரு 48 போர்ட் ஸ்விட்சில் 715 வாட் பவர் சப்ளை ஒன்று மட்டும் இருந்தால், ஸ்விட்சின் சொந்தச் செலவு போக பிஓஇக்கு ஏறக்குறைய 435 வாட்தான் மிஞ்சும். முப்பது கேமரா ஆளுக்கு 12 வாட் இழுத்தால் 360. வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் பன்னிரண்டு, ஆளுக்கு 20 வாட் என்றால் 240. மொத்தம் 600. இரண்டு பவர் சப்ளையும் சேர்ந்து கொடுக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. ஒன்று கழன்றால் ஸ்விட்ச் தானாகவே சில போர்ட்டுகளின் கரண்டை நிறுத்தும், எந்தப் போர்ட் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அது தன் கணக்குப்படி முடிவெடுக்கும். எம்டி அறை வைஃபைதான் முதலில் போகும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஷோ பவர் இன்லைன்’ கொடுத்தால் இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று மூன்றும் வரும். ஒன்று ஏற்கெனவே செத்திருக்கும்போது எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றால் மற்றது தாங்குகிறது என்று பொருள், சந்தோஷம். இன்னும் உயிரோடு இருக்கும், ஆனால் ஃபேன் கரகரவென்று கத்துகிற ஒன்றை மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தக் கணக்கைப் போடாமல் தொடாதீர்கள்.

கணக்கு சரி, அந்த நல்லதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே பிடியூவில், அதுவும் ஒரே யுபிஎஸ்ஸில் சொருகியிருப்பதைப் பார்க்காத ஆள் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. ஒன்று ஒரு யுபிஎஸ், மற்றது இன்னொரு யுபிஎஸ் அல்லது குறைந்தபட்சம் வேறு லைன், அப்படித்தான் இருக்க வேண்டும். நல்லதன் ஒயரை இரு முனையிலும் லேசாக அழுத்தி உறுதிப்படுத்துங்கள், இழுத்துப் பார்க்காதீர்கள், அழுத்துங்கள்.

புதிய பவர் சப்ளை சரியானதுதானா என்பதையும் டப்பாவைப் பிரித்ததும் பாருங்கள். வாட் ஒத்துப்போக வேண்டும், மாடல் அந்த ஸ்விட்சுக்கு உரியதாக இருக்க வேண்டும், ஸ்லாட்டில் நுழைகிறது என்பது ஒரு தகுதியே இல்லை. டேட்டா சென்டர் ஸ்விட்ச் என்றால் காற்று போகும் திசை ரொம்ப முக்கியம். சிஸ்கோ நெக்சஸில் போர்ட் பக்கம் காற்றை உள்ளே இழுப்பதற்கு அரக்குச் சிவப்புக் கைப்பிடி, போர்ட் பக்கம் வெளியே தள்ளுவதற்கு நீலக் கைப்பிடி. ஃபேன்கள் ஒரு திசையில் ஊத, பவர் சப்ளை எதிர்த்திசையில் ஊதினால் உள்ளே சூடு ஏறி ஸ்விட்ச் தானே அணைந்துகொள்ளும். இன்னொன்று ஒயர். சில பவர் சப்ளைகளின் வாயில் நடுவே சின்னதாக ஒரு மேடு இருக்கும், கணினிக்குப் போடும் சாதாரண ஒயர் அதில் நுழையாது, பள்ளம் வெட்டிய சூடு தாங்கும் ஒயர்தான் வேண்டும். கத்தியால் பள்ளம் வெட்டி நுழைத்தவரையும் எனக்குத் தெரியும். வேண்டாம்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். ரேக்கின் இரும்பைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அது ஸ்டேட்டிக் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பவர் சப்ளையிலும் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும், அது வழக்கமானதுதான். எர்த் அறுந்திருந்தால் அந்தக் கசிவெல்லாம் பெட்டியின் உடம்பில் நின்று, உங்கள் விரல் வழியாக இறங்கப் பார்க்கும். ஒரு ரேக்கில் இருபது பவர் சப்ளை இருந்தால் இருபதின் கசிவும் சேரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்த பிறகுதான் மற்ற வேலை.

சரி, கழற்றலாம். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் கழற்றிப் பைக்குள். ஈரக் கை கூடாது. உடம்பின் ஸ்டேட்டிக்கை இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப் இருந்தால் ரேக்கின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரும்பைத் தொட்டுவிட்டாவது ஆரம்பியுங்கள். கெட்டதற்குப் போகும் சாக்கெட்டுக்கு சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். பிறகு ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப்பை விடுவித்து, பிளக்கைப் பிடித்து உருவுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். ஸ்விட்ச் இன்னும் ஓடுகிறதா? ஃபேன் சத்தம் இருக்கிறதா? தப்பான ஒயரை உருவியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். ஓடுகிறது, கெட்டதன் விளக்குகள் முழுக்க அணைந்துவிட்டன என்றால் தாழ்ப்பாளை அழுத்திக்கொண்டு ஒரு கையால் கைப்பிடியை இழுத்து, மறு கையை அடியில் கொடுத்து நேராக வெளியே எடுங்கள். பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும் கனம் இருக்கும், பாதி வெளியே வந்ததும் தலை தொங்கும்.

காலியான ஸ்லாட்டுக்குள் விரலையோ ஸ்க்ரூட்ரைவரையோ விடாதீர்கள். உள்ளே இருக்கும் கனெக்டரில் மற்ற பவர் சப்ளையின் கரண்ட் இருக்கும். வோல்ட் குறைவுதானே என்று நினைக்கலாம், ஆம்பியர் குறைவில்லை, மோதிரம் பட்டால் விரலோடு வெந்துவிடும். ஸ்லாட்டைத் திறந்தே போட்டுவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள், ஓட்டை வழியாகக் காற்று தப்பி உள்ளே குளிர்ச்சி குறையும், நம் ஊரில் பல்லியும் குடியேறும். புதியது கையில் இல்லையென்றால் வெற்று மூடியைப் போடுங்கள். மூடியும் இல்லையா, புதியது வரும்வரை கெட்டதை அதன் இடத்திலேயே இருக்க விடுங்கள்.

புதியதைச் சொருகும்போது அதில் ஒயர் மாட்டியிருக்கக் கூடாது. பின்பக்கக் கனெக்டரில் பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், தலைகீழாகப் பிடிக்கவில்லையே என்று பாருங்கள், பிறகு வழுக்கிக்கொண்டு போகும்படி உள்ளே தள்ளுங்கள். கடைசியில் டக் என்று தாழ்ப்பாள் விழ வேண்டும். விழவில்லை என்றால் வெளியே எடுத்து மறுபடி தள்ளுங்கள், உள்ளங்கையால் குத்தாதீர்கள். தாழ்ப்பாள் விழுந்த பிறகு ஒயர், அதற்கப்புறம் கிளிப், கடைசியாக சாக்கெட் சுவிட்ச். இரண்டு விளக்கும் பச்சைக்கு வர வேண்டும். மறுபடி ‘ஷோ என்விரான்மென்ட் ஆல்’, ஸ்விட்சின் நிகழ்வுப் பதிவான லாகில் ஒரு பார்வை, பிஓஇ இருப்பு ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

டெலிகாம் அறைகளில் மைனஸ் 48 வோல்ட் டிசியில் ஓடும் பெட்டிகள் கதை வேறு. அங்கே பிளக் கிடையாது, டெர்மினலில் முறுக்கிய ஒயர். பிரேக்கரை இறக்கி, யாரும் ஏற்றிவிடாதபடி பூட்டி அட்டை தொங்கவிட்டு, மீட்டர் வைத்துச் சுழியம் என்று பார்த்த பிறகுதான் ஒயரைத் தொட வேண்டும். கழற்றும்போது எர்த் கடைசி, மாட்டும்போது எர்த் முதல். பழக்கமில்லாதவர் தனியாகச் செய்ய வேண்டிய வேலையே இல்லை இது.

வீட்டு ரவுட்டர் அடாப்டர் செத்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. வோல்ட் அச்சு அசலாக அதேதான் இருக்க வேண்டும், 12 என்றால் 12. ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், 1 ஆம்பியர் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் ஒன்றும் ஆகாது, ரவுட்டர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். குறைவானது போட்டால் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும், பழி இன்டர்நெட் கம்பெனிக்குப் போகும். பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற படம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் துளை 2.1 மில்லிமீட்டரா 2.5-ஆ என்பதில் ஏமாந்தால் லூசாக நின்று விட்டு விட்டு வரும்.

கழற்றிய பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஓடும்போது 400 வோல்ட் டிசி வரை நிற்கும், ஒயரை உருவின பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது, அதுவும் கெட்டுப்போனதில். பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், வாரண்டி இருந்தால் புதியது வந்த டப்பாவிலேயே போட்டுத் திருப்பி அனுப்புங்கள், இரண்டும் இல்லையென்றால் மின்கழிவு எடுக்கும் அனுமதி பெற்றவரிடம். ‘கெட்டது’ என்று மார்க்கரால் பெரிதாக எழுதிய பிறகே அலமாரியில் வையுங்கள். எழுதாமல் வைத்த ஒன்றை ஆறு மாதம் கழித்து நைட் ஷிப்டில் ஒரு பையன் ஸ்பேர் என்று நினைத்து எடுத்துப் போய்ச் சொருகினான், புதுசே வேலை செய்யவில்லை சார் என்று இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது.