இரண்டு செடிகளின் மரபணுக்களையும் குரோமோசோம் அமைப்பையும் ஒப்பிடுவது எப்படி: நெல்லும் சோளமும் வைத்து ஒரு செய்முறை

ஒரு செடியில் இருக்கும் மரபணு அதன் உறவுச் செடியில் இல்லை என்று எழுதும் முன், அந்த மரபணுவின் அக்கம்பக்கத்தைப் போய்ப் பாருங்கள். எண்ணிக்கைப் பட்டியலை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அதனால்தான் மரபணுக்களையும் அவை குரோமோசோமில் நிற்கும் வரிசையையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறேன்.

பழகுவதற்கு நெல்லும் சோளமும் (மக்காச்சோளம் அல்ல) நல்ல ஜோடி. நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம், சோளத்துக்கு 10. தாவர ஜீனோம்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபைட்டோசோம் இணையதளத்தில் இரண்டுக்கும் ஜீனோம் வரிசை, புரத வரிசை, மரபணு இருப்பிடம் சொல்லும் ஜிஎஃப்எஃப் கோப்பு எல்லாம் கிடைக்கும். ஒரு மரபணுவுக்குப் பல புரத வடிவங்கள் இருந்தால் மிக நீளமான ஒன்றை மட்டும் வையுங்கள், இல்லையென்றால் ஒரே மரபணு மூன்று நான்காக எண்ணப்படும். அப்புறம் பஸ்கோ என்ற மென்பொருளை ஓட்டுங்கள். நிலத்தாவரங்களில் பொதுவாக இருக்க வேண்டிய 1614 மரபணுக்களின் தொகுப்பை வைத்து (ஓடிபி10 பதிப்பு) இரண்டு கோப்பும் ஒரே அளவுக்கு முழுமையா என்று அது காட்டிவிடும். ஒன்று 98 சதவீதம், இன்னொன்று 85 சதவீதம் என்றால் ஒப்பிடவே வேண்டாம், முதலில் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

மரபணுக் குடும்பங்களைப் பிரிக்க ஆர்த்தோஃபைண்டர் என்ற மென்பொருள் போதும். வரிசையைப் பார்க்க, டயமண்ட் என்ற தேடல் மென்பொருளில் புரதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அந்த முடிவை, வரிசை மாறாமல் நிற்கும் மரபணுத் தொகுதிகளைக் கண்டுபிடிக்கும் எம்சிஸ்கேன்எக்ஸில் கொடுங்கள். புரதக் கோப்பில் பெயரின் கடைசியில் ".1" போன்ற ஒட்டு இருக்கும், ஜிஎஃப்எஃப்பின் மரபணு வரிகளில் இருக்காது, இரண்டையும் ஒரே பெயராக்கிவிடுங்கள், இல்லையென்றால் இந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு தொகுதிகூடக் கிடைக்காமல் போகும். வழக்கமான அமைப்பில் குறைந்தது 5 மரபணு ஜோடிகள் வரிசையாக வந்தால்தான் அது ஒரு தொகுதி. முதல் முறை அதை மாற்ற வேண்டாம்.

அடுத்தது புள்ளிப் படம்: ஒரு அச்சில் நெல், மறு அச்சில் சோளம், ஒத்துப்போகும் ஒவ்வொரு மரபணு ஜோடிக்கும் ஒரு புள்ளி. அதை வரையும்போது அச்சில் கார இணைகளின் நீளத்தைப் போடாமல் மரபணுக்களின் வரிசை எண்ணைப் போடுங்கள். சோளத்தின் ஜீனோம் சுமார் 73 கோடி கார இணைகள், நெல்லுடையது 39 கோடிக்கு அருகில். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி டிரான்ஸ்போசான்கள் (ஜீனோமுக்குள் இடம் மாறிப் பெருகும் டிஎன்ஏ துண்டுகள்), அவை சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இடுங்கிய பகுதி) சுற்றிக் குவிந்திருப்பதால் நீளத்தை வைத்து வரைந்தால் கோடு அங்கே வளைந்துவிடும்.

இப்போது சோளத்தின் 1ஆம் குரோமோசோமைப் பாருங்கள். தொடக்கத்தில் நெல்லின் 3ஆம் குரோமோசோம் சாய்கோடாக வரும், நடுவில் அது நின்று நெல்லின் 10 முழுசாக வந்து உட்காரும், அது முடிந்ததும் 3இன் மீதி தொடரும். ஒரு குரோமோசோம் இன்னொன்றின் நடுவே செருகப்பட்ட இணைவு இது. சோளத்தின் 2இலும் இதே கதைதான், நெல்லின் 7க்குள் 9. 12க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு இணைவுகளில் தீர்ந்துவிடுகிறது. எனக்கு இந்தப் படம் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது!

கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தலைகீழ்த் திருப்பம். ஆனால் ஒரு குரோமோசோம் முழுவதும் அப்படி என்றால், வரிசையை எந்த முனையிலிருந்து எழுதினார்கள் என்பதுதான் காரணமாக இருக்கும். திருப்பத்தின் இரு எல்லைகளும் ஜீனோம் கோப்பில் 'என்' எழுத்துகள் (வரிசை தெரியாத இடங்கள்) நிரம்பிய இடைவெளிகளில் விழுந்தால் சந்தேகப்படுங்கள், அது ஒட்டுவேலைத் தவறாக இருக்கலாம். மங்கலான இரண்டாவது கோடுகளும் தெரியும். புல் குடும்பத்தின் கிளைகள் பிரியும் முன்பே நடந்த முழு ஜீனோம் இரட்டிப்பின் மிச்சம் அவை, நெல்லும் சோளமும் பொது மூதாதையிடமிருந்து பெற்ற ஒரே மரபணுவின் நேரடி இணைகளோடு கலக்காதீர்கள்.

சரி, காணாமல் போன மரபணுவுக்கு வருவோம். நெல்லில் அதன் இருபுறமும் உள்ள மரபணுக்களைக் குறித்துக்கொண்டு, சோளத்தில் அவற்றுக்கு நடுவே உள்ள டிஎன்ஏவை வெட்டியெடுத்து, நெல் புரதத்தை மினிப்ராட் (புரதத்தை டிஎன்ஏவில் தேடும் மென்பொருள்) மூலம் அதில் தேடுங்கள். முழு மரபணுவே கிடைத்தால் மரபணுப் பட்டியல் தயாரித்தவர்கள் அதை விட்டிருக்கிறார்கள். நடுவே, புரதத்தை அங்கேயே முடித்துவிடும் நிறுத்தக் குறிகளோடு உடைந்து கிடைத்தால் அது செயலிழந்த மரபணு. இடைவெளி எதுவும் இல்லாத வரிசையில் ஒன்றுமே கிடைக்காவிட்டால், அது அந்த இடத்தில் இல்லை என்று தைரியமாக எழுதலாம், வேறு குரோமோசோமுக்கு இடம் மாறியதா என்று மட்டும் ஒருமுறை தேடிவிட்டு.

நெல் புதிதாகப் பெற்றதா, சோளம் இழந்ததா என்பதை இந்த இரண்டை வைத்துச் சொல்ல முடியாது. புல் குடும்பத்துக்கு வெளியிலிருந்து மூன்றாவதாக ஒன்று வேண்டும். அன்னாசி இதற்கு ரொம்பப் பொருத்தம், புல்களின் அந்தப் பழைய இரட்டிப்பு அதில் நடக்கவில்லை.