உடைந்த ஓட்டில் உயரமாகக் கட்டுகிறவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் பருத்தித்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர், தன் வளவில் உடைந்த ஓடும் பீங்கானும் பதித்துக் குதிரைச் சிற்பம் ஒன்று கட்டத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சைக்கிள் றிம்மும் பழைய தண்ணீர்க் குழாயும் கட்டுக்கம்பியால் பிணைத்து 12 அடிக்கு எலும்புக்கூடு நிற்கிறது. உடைந்த பீங்கான் கோப்பைகளை நிறம் நிறமாகப் பிரித்து உரப்பைகளில் வைத்திருக்கிறார். நல்ல கை. ஆனால் படலையடியில் குவிந்திருந்த மணலைக் கண்டதும் எனக்குப் பதறிவிட்டது. கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

நான் விட்ட அதே பிழை. எனக்குத் தெரிந்து அதை விடுகிற நாலாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன். கையுறை போடுவது, கண்ணாடியைக் கவனமாக உடைப்பது எல்லாம் எவருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடல் மணலும் கம்பியும்

2013 இல் நான் மயில் ஒன்று கட்டினேன். 11 அடி உயரம். தோகைக்குப் பச்சைப் போத்தல் துண்டு, கழுத்துக்கு நீலப் பீங்கான். இரண்டு வருட வேலை. மணலைக் கடற்கரையிலிருந்தே கொண்டுவந்தேன். ஆறில்லாத ஊர் எங்களுடையது. ஆற்று மணல் வன்னியிலிருந்து லொறியில் வரவேண்டும், காசு கூட. கடல் மணல் வாசலிலேயே கிடந்தது. அனுமதியில்லாமல் அதை அள்ளுவது சட்டப்படியும் குற்றம் என்பதை அப்போது நான் யோசிக்கவேயில்லை.

மூன்றாவது வாடைக்குக் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன் வழியே வெற்றிலைச் சாறு வடிந்தது போலச் செம்மண்ணிறக் கோடு. சாந்து பூசி அடைத்தேன். அடுத்த மாரிக்கு வெடிப்பு விரல் போகிற அளவாயிற்று. ஐந்தாம் வருடம் ஒரு விடியற்காலை தலை விழுந்து கிடந்தது. கழுத்தை உடைத்துப் பார்த்தேன். 10 மில்லிமீற்றர் கம்பி பென்சிலை விட மெலிந்திருந்தது. அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கறள். நகத்தால் தொட அப்பளம் போல உதிர்ந்தது.

நடப்பது இதுதான். நல்ல சீமெந்துச் சாந்துக்குள் காரத்தன்மை கூட. அந்தக் காரம் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பிறகு ஈரமும் காற்றும் போதும், இரும்பு கறளாகும். கறளாகும்போது அது முன்பிருந்ததைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்குவரை பருக்கும். பருக்கிறது உள்ளிருந்து சாந்தைத் தள்ளும், வெடிக்கும். வெடிப்பால் இன்னும் உப்புக்காற்று போகும்.

“அண்ணை, நான் கழுவித்தான் போடுறன்” என்றார் தம்பி. எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். தன் வீட்டுக் கிணற்றைக் காட்டினார். அதுவும் சவர்த் தண்ணீர்! உப்பை உப்பால் கழுவினால் எப்படிப் போகும்? “அப்ப பெயின்ற் அடிச்சா?” என்றார். உப்பு உள்ளே இருக்கும்போது வெளியே பூசி என்ன பயன்? சீமெந்தைக் கூடப் போட்டால் சரி என்று சொல்கிற மேசன்மாரும் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும், ஏனென்றால் அந்தப் பேச்சை நம்பித்தான் என் மயில் போனது.

பிறகு தன் போனில் வாட்ஸ் கோபுரங்களைக் காட்டினார். லொஸ் ஏஞ்சல்சில் சைமன் ரோடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியாளாகக் கட்டியவை. 17 அமைப்புகள், உயரமானது ஏறத்தாழ 30 மீற்றர். கம்பிக்கு வலை சுற்றிச் சாந்து பூசி, ஓடும் போத்தலும் சிப்பியும் பதித்தார், வெல்டிங் கிடையாது. “இதுவும் கம்பியும் சீமெந்தும்தானே, நிக்குதே.” நிற்கிறதுதான். ஆனால் அந்த இடம் எங்களைப் போலக் கடற்கரையில் இல்லை, மழையும் குறைவு. அப்படியிருந்தும் வெடிப்புப் பார்த்துத் திருத்துகிற வேலை அங்கே ஓயவில்லை.

ஆகவே ஆற்று மணலை வாங்குங்கள். காசில்லாவிட்டால் சிற்பத்தைச் சின்னதாக்குங்கள். குழைக்க நன்னீர்க் கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். மணலில் ஐயமிருந்தால் நன்னீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை ஏ லெவல் இரசாயனவியல் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டதும் பால்போல் கலங்கினால் அந்த மணல் வேண்டாம். பொறுக்கிய கம்பியைக் கறள் போகக் கம்பித் தூரிகையால் உரஞ்சுங்கள். எங்கள் காற்றுக்குக் கம்பியின்மேல் 2 அங்குலச் சாந்தாவது வேண்டும். சிப்பி பதிக்க விரும்பினால் அதையும் நன்னீரில் பல தரம் ஊறவைத்துக் கழுவுங்கள்.

சோளகத்தில் பூசிவிட்டுப் போவது

சோளகக் காற்று சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரச்சாக்கால் மூடி, ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள்.

வாய் மேல்நோக்கிய போத்தல்

நுளம்பு. டெங்கு.

ஆளில்லாத வீட்டு ஓடு

சண்டிகாரில் நேக் சந்த் என்ற வீதிப் பரிசோதகர், நகரம் கட்ட இடிக்கப்பட்ட கிராமங்களின் சிதைவுகளைச் சேர்த்து 1957 முதல் காட்டுக்குள் இரகசியமாகச் சிற்பத் தோட்டம் கட்டினார். அரசு அதைக் கண்டுபிடித்தது 1970களின் நடுவில்தான். 1976 இல் மக்களுக்குத் திறந்தார்கள். இதைப் படித்துவிட்டு இங்கே சிலர் கூரையில்லாத வீடுகளுக்குள் இறங்கி ஓடும் தரைக்கல்லும் கழற்றுகிறார்கள். அந்த வீடுகளுக்கு ஆளிருக்கிறது, கனடாவிலோ கொழும்பிலோ. ஒருமுறை நான் எடுத்துப் பதித்த பூவோட்டை ஒரு அம்மா வந்து தடவிப் பார்த்தார். “இது எங்கட விறாந்தை” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தத் துண்டை வெட்டியெடுத்து அவரிடம் கொடுத்தேன். இப்போது கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் எடுக்கிறேன்.

அடையாளம் தெரியாத இரும்பு

போரில் வெடிக்காமல் கிடந்ததாக இருக்கலாம். தொடாதீர்கள். தட்டாதீர்கள். பொலிசுக்குச் சொல்லுங்கள்.

ஏறிப் பார்க்காமல் உயர்த்துவது

ரோடியா சாரம் கட்டவில்லை. கட்டிய வளையங்களிலேயே மிதித்து, இடுப்புப் பட்டியோடு ஏறினார். ஒவ்வொரு அடுக்கும் அவர் உடம்பைத் தாங்கிய பிறகே அடுத்தது எழும்பியது. 1959 இல் இடிப்பதா விடுவதா என்று பார்க்க 10,000 இறாத்தல் விசை கொடுத்து இழுத்தபோது, கோபுரம் விழவில்லை, இழுத்த கருவிதான் வளைந்தது. தம்பியின் குதிரைக்கு முன்கால் இரண்டும் ஆடுகின்றன. பட்டியோடு ஏறி முழு எடையையும் கொடுத்துப் பார்க்கும்வரை கழுத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மணலை மாற்றச் சம்மதித்துவிட்டார். லொறி வெள்ளிக்கிழமை வருகிறது.