கிழட்டுப் பேய்க்கணவாயைச் சாப்பிட வைத்த கதை

கடலூர் முதுநகரில் தெரிந்த மீன்காரர் ஒருவர், வலையில் சிக்கிய சின்ன பேய்க்கணவாயை, அதாங்க ஆக்டோபஸ், உயிரோடு கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தச் சித்திரையில் திடீரென்று நண்டைத் தொடவில்லை, நிறம் வெளுத்தது, பகலெல்லாம் கண்ணாடித் தொட்டியின் ஓரமாகவே அலைந்தது, ஒரு கையின் நுனியைத் தானே கடித்து வைத்திருந்தது. நோய் என்று நினைத்து மீன் மருந்து வாங்கிவந்தேன். நல்லவேளை, ஊற்றவில்லை. அந்த மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கும், இதற்கு அது விஷம். (வேடிக்கை என்னவென்றால் இதன் நீல ரத்தத்தில் இருப்பதும் செம்புதான்.)

அப்புறம்தான் புரிந்தது, வயசு. பெரும்பாலான இனங்களுக்கு ஆயுளே ஒன்றிரண்டு வருஷம், அதற்கு மருந்து கிடையாது. ஆனால் தண்ணீர் கெட்டது என் தப்பு: தின்னாத நண்டு பானை ஓட்டுக்கடியில் அழுகிக் கிடந்து அம்மோனியா ஏறியிருந்தது. அதை எடுத்துவிட்டு மூன்று நாள் தினம் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். முகத்துவாரத்தில் மட்டும் மொள்ளாதீர்கள், ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்திருக்கும். லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு வேண்டும். விளக்கை அணைத்தேன். இந்த வயதில் அலைச்சல் அதிகம், வெளியே ஏறிவிடும் என்று மூடிமேல் அம்மிக்குழவியை வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

சாப்பாடுதான் பெரும்பாடு. ஓடு உரித்த இறாலை மூங்கில் குச்சியில் குத்தி உறிஞ்சிகளில் லேசாக உரசிக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் ஒரு கை மட்டும் மெதுவாக நீண்டு, தடவிப் பார்த்து, வாங்கிக்கொண்டது. இப்போது இரண்டு நாளைக்கு ஒரு இறால், அதிலும் பாதிதான். மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன்.