நடவு வயலில் இடுப்பையும் மூட்டுகளையும் காப்பது எப்படி?

காவிரிப் படுகையில் குறுவை, சம்பா, தாளடி என எந்தப் பட்டமானாலும் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கைகளிலேயே இருக்கின்றன. இடுப்பிலிருந்து குனிந்தே நிற்கும்போது உடலின் மேற்பாதி எடையை முதலில் முதுகுத் தசைகள் தாங்குகின்றன. நேரம் செல்லச் செல்ல அவை களைத்து, எலும்புகளைப் பிணைக்கும் நார்களின் மீதும் இடையிலுள்ள டிஸ்க்குகளின் மீதும் பாரம் இறங்குகிறது. ஆகவே எவ்வளவு நட்டோம் என்பதைவிட, நிமிராமல் எவ்வளவு நேரம் நட்டோம் என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, ஐந்து முறை மெதுவாகப் பின்னால் சாய்வது போதும்; ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்தக் கூலியில், தனியாக நிமிர்பவர் வரிசையில் பின்தங்குவார் என்பதால் எவரும் நிமிர்வதில்லை. எனவே நடவுக் குழுவை நடத்தும் கொத்துத் தலைவி குரல் கொடுத்து எல்லோரும் ஒன்றாக நிமிர்வதே நடைமுறைக்கு உகந்தது. நிலக்காரர் அந்த நிமிடத்தை வீணான நேரமாகக் கருதக் கூடாது. நடும்போது நாற்று முடியை, அதாவது சிறு நாற்றுக் கட்டை, பிடித்த கையின் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் முதுகின் பாரம் குறையும்.

நெடுநேரம் குனிந்திருந்த நார்கள் நெகிழ்ந்து, நிமிர்ந்த பிறகும் சிறிது நேரம் தளர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் நாற்றுக் கட்டையோ தண்ணீர்க் குடத்தையோ சட்டென்று தூக்குவதுதான் ‘பிடித்துக்கொண்டது’ என்று சொல்லப்படும் வலிக்குப் பலமுறை காரணமாகிறது. சில நிமிடங்கள் நடந்துவிட்டு, நாற்றுக் கட்டிலிருந்து வழியும் நீரை வரப்பில் வடியவிட்டு, முழங்காலை மடக்கி உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும்.

களைக்குக் குனிவதைப் பெருமளவு தவிர்க்கலாம். திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுவதால், வரிசைகளுக்கிடையே கோனோ வீடர் என்னும் களையெடுக்கும் கருவியை நிமிர்ந்து நடந்தபடியே தள்ள முடிகிறது. அதன் கைப்பிடி, தள்ளும் பெண்ணின் உயரத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். ஆணின் உயரத்துக்குச் செய்த கருவியைக் கொடுத்தால் இடுப்பு வலி தோளுக்கு மாறும், அவ்வளவே. அறுப்புக்கு ரம்பப்பல் அரிவாள் மணிக்கட்டுக்கு இதமானது.

நிலக்கடலை ஆயும்போது மணிக்கணக்கில் குத்தவைத்து அமர்ந்தால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாகச் செல்லும் நரம்பு நசுங்கக்கூடும். பாதத்தின் மேற்புறம் மரத்து, நடக்கையில் செருப்பு தானாகக் கழன்று விழுந்தால் அது வெறும் அசதியன்று. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாழ்வான மணைப்பலகை ஒன்றைப் போட்டு அமர்வது இதைப் பெரிதும் தடுக்கும்.

மாலையில் திண்ணையில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவதைக் காலுக்குப் பத்து முறை செய்தால் தொடைத் தசை வலுப்பெற்று முழங்காலுக்குத் துணைநிற்கும்.

மருந்துக் கடையில் வலிக்கெனப் பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் ‘செட்டு மாத்திரை’யைத் தினமும் விழுங்கிவிட்டு வயலுக்குச் செல்வது ஆபத்தானது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வலி மாத்திரைகளோ வயிற்றைப் புண்ணாக்குவதுடன், வியர்த்து நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். ஒதுங்க இடமில்லையென்று தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால், வயலருகே மறைவிடம் அமைத்துத் தருவதும் நிலக்காரரின் பொறுப்பாகும்.

காய்ச்சலுடன் கெண்டைக்காலில் கடும் வலியும் கண்சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, அரை மணிக்கு மேல் இறுக்கம் விடாமல் இருந்தால் முடக்குவாதத்துக்கான பரிசோதனை தேவை. இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே தொழிலைக் கேட்டால் ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று சொல்லாமல், நடவு வேலை செய்வதையும் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் குனிகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். எழுந்து வர இயலாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.