காலி சைட்டில் புதர்: பெங்களூரில் மனை வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அடி சைட் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு ஓசூரிலோ சேலத்திலோ இருப்பவர்கள் முதலில் கேட்பது, "புல் எத்தனை அடி வளர்ந்தால் ஃபைன் போடுவார்கள்?" என்பதுதான். இணையத்தில் தேடினால் எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று கணக்கு வரும். அதெல்லாம் அமெரிக்க ஊர்களின் விதி. இங்கே யாரும் டேப் பிடித்து அளப்பதில்லை. புல்லுக்கு அடியில் தேங்கிய தண்ணீர், குப்பை, எலி, பாம்பு ஆகியவைதான் மாநகராட்சிக்குப் பிரச்சினை.

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது. கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பவர்களுக்கு அபராதமும் நிர்ணயித்தது. நகரப் பகுதிகளில் வீட்டுக்கு 400 ரூபாய், கடைக்கும் அலுவலகத்துக்கும் 1,000 ரூபாய், காலி மனைக்கும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் 2,000 ரூபாய். ஆளே இல்லாத சைட்டுக்கு வீட்டைப்போல ஐந்து மடங்கு! டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க எட்டு, பத்து நாள் போதும். அதனால் "மழை ஓயட்டும், தீபாவளிக்கு அப்புறம் சுத்தம் பண்ணலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. பெங்களூரில் பெரிய மழையே செப்டம்பர், அக்டோபரில்தான். அதற்குள் புதரை விலக்கி, உள்ளே கிடக்கும் டயர், இளநீர் மட்டை, உடைந்த கமோடு, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்த தவறு, ஒரேயடியாக வேலையை முடிக்க ஜேசிபி விடுவது. 1,200 சதுர அடியில் அந்த வண்டி திரும்பவே இடம் போதாது. புதரோடு மூலைக் கல்லும் பெயர்ந்து வந்தால், திரும்ப அளந்து கல் நடும் செலவும் பக்கத்துக்காரரோடு தகராறும் மிச்சம். பக்கெட் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றால், எதைத் தவிர்க்க வேலை தொடங்கினோமோ அதுவே வந்து சேரும். கத்தியும் மண்வெட்டியுமாக ஆட்களை விட்டு, நான்கு மூலைக் கல்லையும் முதலில் கண்டுபிடித்துச் சுண்ணாம்பு பூசச் சொல்லுங்கள்.

பார்த்தீனியம் என்ற களைச்செடிக்குத் தனிக் கவனம் வேண்டும். கேரட் இலை மாதிரி இலை, நுனியில் சின்ன வெள்ளைப் பூ. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூத்த பிறகு மெஷின் வைத்து அறுத்தால் சைட் முழுக்க நாமே விதைத்ததுபோல ஆகும். பூக்குமுன் அறுத்தாலும் கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ விடுமுன், வேரோடு பிடுங்குவதே சரி. முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். வெறுங்கையால் பிடுங்கினால் சிலருக்குத் தோல் தடித்து அரிப்பெடுக்கும். உப்புக் கரைசல் தெளிப்பவர்கள் உண்டு. பின்னால் தோட்டம் போட நினைத்தால் அதைத் தவிர்ப்பது நல்லது, மண் கெட்டுவிடும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பொறுத்தவரை, பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது.

பிடுங்கியதைக் குவித்துக் கொளுத்துவது பழைய பழக்கம். குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயில் தள்ளுவது அதைவிட மோசம். பூக்காத செடியைச் சைட்டின் ஒரு மூலையில் குழி வெட்டிப் புதைத்து மேலே மண் மூடிவிடலாம். புதருக்கு நடுவே மரம் நின்றால் கை வைக்காதீர்கள். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976 சொந்த நிலத்துக்கும் பொருந்தும். வெட்டுமுன் மர அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும்.

மாநகராட்சி நோட்டீஸ் விஷயத்தில் பெங்களூர்த் தமிழர்களான நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல். இங்கே அல்சூரிலேயே பிறந்து கன்னடம் சரளமாகப் பேசுவோம், எழுத்துக் கூட்டத் தெரியாது. கேட்டில் ஒட்டிய காகிதத்தை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடுவோம். கன்னடம் படிப்பவரிடம் காட்டி, "தினகளொளகெ" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள். அத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்று அர்த்தம். கெடு தாண்டினால் மாநகராட்சியே ஆள் வைத்துச் சுத்தம் செய்து, அந்தச் செலவை நம் தலையில் கட்டும். கட்டாவிட்டால் அது சொத்து வரி பாக்கியோடு சேரலாம். வரிக் கணக்கில் பழைய முகவரியும் தொலைந்துபோன சிம் நம்பரும் இருந்தால் இது எதுவும் உங்கள் காதுக்கே எட்டாது. சுத்தம் செய்தபின் நான்கு பக்கமும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து சைட்டில் புதர் மண்டிப் பாம்பு வருகிறது என்றால், சொந்தக்காரருக்குத் தெரியாமல் உள்ளே இறங்கி வெட்டாதீர்கள். அத்துமீறல் என்று அவரே உங்கள்மேல் புகார் கொடுக்கலாம். மாநகராட்சியின் உதவி எண் 1533-க்கு அழைத்து, குறுக்குத் தெரு, மெயின் ரோடு, பக்கத்து வீட்டு எண் மூன்றையும் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் முதல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் தெரு எதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு பேசினால் அலைச்சல் குறையும். பெங்களூர் வளர்ச்சி ஆணையம் (பிடிஏ) யாருக்கும் ஒதுக்காத மனை என்றால் புகார் போக வேண்டியது பிடிஏ அலுவலகத்துக்கு.