பார்த்துக்கொண்டு நின்றவரைக் கதையில் எழுதும் முறை

மட்டக்களப்பில் சிறுகதை எழுதிப் பழகும் இளையவர்களின் கையெழுத்துப் படிகளில், ஒரு பெண் பலர் நடுவே அடிக்கப்படும் காட்சி வந்தால், பெரும்பாலும் “கூட்டம் வேடிக்கை பார்த்தது” என்ற ஒற்றை வரியோடு அது முடிந்துவிடுகிறது. கூட்டத்துக்கு முகமில்லை, ஆகவே வாசிப்பவருக்கு உறுத்தலுமில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் வெளியே எடுங்கள்.

அவருக்குப் பெயர் வேண்டாம், தொழில் போதும். பேருந்து நிலையத்தருகே தேநீர்க்கடை வைத்திருப்பவர் என்று கொள்வோம். அறை விழுந்த ஓசை கேட்டதும், உயர்த்திய குவளையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த தேநீர் ஒரு கணம் அறுகிறது; அவர் நிமிர்ந்து பார்க்கிறார்; கோப்பையில் நுரை அடங்குகிறது; பிறகு மறுபடியும் ஆற்றத் தொடங்குகிறார். அந்த ‘மறுபடியும்’ என்ற சொல்லில்தான் உங்கள் கதை இருக்கிறது.

அவரைக் கொடியவராக்கிவிடாதீர்கள். உளவியலாளர்களான ஜோன் டார்லியும் பிப் லத்தானேயும் 1968இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அறைக்குள் புகை நுழைந்தபோது தனியாக இருந்தவர்களில் 75 வீதமானோர் எழுந்து சென்று அறிவித்தார்கள். அசையாமல் இருக்கும்படி முன்னரே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் இருந்தவர்களிலோ 10 வீதத்தினரே அறிவித்தார்கள். மனிதர் பிறர் முகத்தைப் பார்த்தே ஆபத்தை அளக்கிறார் என்பதால், உங்கள் தேநீர்க்கடைக்காரரும் அடிபட்டவளைப் பார்க்கும் முன் பக்கத்தில் நிற்பவர்களின் முகங்களைப் பார்க்கட்டும்.

இதை நம் கூத்து நன்றாகவே அறியும். கூத்து ஆடப்படும் வட்டமான களமாகிய வட்டக்களரியைச் சுற்றி இருப்பவருக்கு, ஆடுபவருக்கு அப்பால் எதிர்ப்புறத்தில் இருந்து பார்ப்பவர்களின் முகங்களும் தெரிகின்றன. அதே கோணத்தில் உங்கள் காட்சியையும் அமையுங்கள். தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் ஆலயத்தை அறிந்தவர்களுக்குச் சபையில் பெரியோர் காத்த மௌனத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் துரியோதனனின் தம்பியரில் விகர்ணன் ஒருவன் எழுந்து நியாயம் கேட்டதையும், கர்ணன் அவனைக் கடிந்து அடக்கியதையும் நினைவில் வையுங்கள். பேச முயன்று தோற்ற குரல் ஒன்று இருக்கும்போதுதான் மற்றவர்களின் மௌனம் அவர்களே தேர்ந்தெடுத்ததாகத் தெரியும்.

இன்னொன்றை மிகுந்த கவனத்துடன் செய்ய வேண்டும். போர் நடந்த ஆண்டுகளை இந்த மண்ணில் கடந்தவர்களின் வாய்மூடலை அலட்சியம் என்று எழுதுவது பெரும் அநீதி. பேசியிருந்தால் அவர் உயிருக்கு ஆபத்து வந்திருக்குமா என்று எழுதுமுன் கேளுங்கள். வந்திருக்குமென்றால் அது அச்சத்தின் கதை, அதை வேறாகவே எழுத வேண்டும்.

முடிவில் அவரை அழவோ மன்னிப்புக் கேட்கவோ வைக்காதீர்கள். மறுநாள் அந்தப் பெண்ணின் தம்பி கடைக்கு வந்து விசாரிக்கும்போது, அவர் ஈரத்துணியால் மேசையைத் துடைத்தபடி “நான் காணல்ல மனே” என்று சொல்லட்டும். அந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுங்கள்.